இடைச்செருகலாக ஒரு கைப்பிடி

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் கட்டிய ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றில், ஏழு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பித்தளைக் கம்பியை ஊகத்தின் பேரில் பொருத்தினேன். அந்தக் கம்பி இன்று என் மேசையில் இல்லை. ஆனால் நான் அறிந்தவரை வேறு மூன்று மேசைகளில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் ஒருவன் பொம்மை ரயிலைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு எழுதுவது பொருந்துமா என்ற தயக்கம் இதுவரை தடுத்தது. வகுப்பில் 'இடைச்செருகல்' என்ற சொல்லை ஆண்டுதோறும் விளக்கி வருகிற நானே ஓர் இடைச்செருகலைச் செய்து, அது பரவுவதையும் பார்த்தபின், தயக்கத்தை விட்டுவிடுவதே நேர்மை என்று தோன்றுகிறது.

பொம்மை என்ற சொல்லை நான் மறுப்பதில்லை. வீட்டிலும் துறையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பொம்மை குழந்தைகளுக்கானதன்று. அசலை 87இல் ஒரு பங்காகக் குறைத்து, அந்த விகிதம் எல்லா உறுப்புகளிலும் பிறழாமல் அமைய வேண்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெடும் பெரியவர்களுக்கானது.

*

நான் கட்டியது ஒய்டிஎம்-4 வகை டீசல் எஞ்சின். பெயரிலுள்ள முதல் எழுத்து மீட்டர் கேஜையும், இரண்டாவது டீசலையும், மூன்றாவது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் கலப்புப் பணியையும் குறிக்கும். அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரில் இயங்கிய ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு இது. 1960களின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கியவை, அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து வாரணாசித் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டன. ஆறு சிலிண்டர்கள், சுமார் 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை, ஆறு அச்சுகள். ஆகவே ஓர் அச்சின்மேல் 12 டன். மெல்லிய தண்டவாளமும் பழைய பாலங்களும் கொண்ட மீட்டர் கேஜ் பாதைகளுக்கு இந்தக் கணக்கு இன்றியமையாதது. ஆல்கோ 1969இல் எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து கனடாவுக்குள் மலையேறும் மூன்றடி அகலப் பாதையிலும் ஓடியிருக்கின்றன. பனிமலையில் ஏறியதும் எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறியதும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் மனைவிக்குப் புரியவைக்க இயலவில்லை.

நான் பார்த்து வளர்ந்தது செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை. 1904இல் திறக்கப்பட்டது. ஆரியங்காவுக் குகையைத் தாண்டி, கழுதுருட்டியருகே பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து கேரளத்துக்குள் இறங்குவது. அங்கே மீட்டர் கேஜ் வண்டிகள் 2010 செப்டம்பரில் நின்றன. அகலப் பாதையாக மாறி 2018இல் மறுபடியும் திறந்தது. ராமேசுவரம் பாதை அதற்கு முன்பே, 2007இல் மாறியிருந்தது. ஒரு காலத்தில் எழும்பூருக்குத் தெற்கே ரயில் என்றாலே மீட்டர் கேஜ்தான். இன்று தமிழ்நாட்டில் அந்த அகலத்தில் எஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் மட்டுமே.

அகலப் பாதை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நெல்லிலிருந்து நோயாளிவரை எல்லாவற்றையும் வழியில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றிய சிரமத்தை அனுபவித்தவர்கள் ஏக்கத்தோடு பேசமாட்டார்கள். ஆனால் ஒன்று மறையும்போது அதன் சுவடுகளையாவது பத்திரப்படுத்தும் வழக்கம் நம்மிடம் குறைவு. எஞ்சின்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. காட்சிக்கென்று மேடையேற்றப்படுபவை புதுப்பூச்சுப் பெற்று, ஓடிய காலத்தில் எப்படி இருந்தன என்பதைச் சொல்லாத நிலையை அடைகின்றன. இந்தச் சூழலில், ஆர்வலர் ஒருவர் தன் வீட்டு மேசையில் கட்டும் சிறு மாதிரிகூட ஒருநாள் சான்றாகக் கருதப்படக்கூடும். என் கட்டுரையின் கவலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

ரெசின் மாதிரி என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சுகளில் பிளாஸ்டிக்கைச் செலுத்தி ஆயிரக்கணக்கில் மாதிரிகளைத் தயாரிக்கின்றன. எஃகு அச்சின் செலவு அத்தனை விற்றால்தான் கட்டுப்படியாகும். செங்கோட்டையில் ஓடிய மீட்டர் கேஜ் எஞ்சினுக்கு அத்தனை வாடிக்கையாளர்கள் கிடைக்கமாட்டார்கள். இத்தகைய சிறுபான்மைப் பொருள்களுக்கு ரெசின் வார்ப்புதான் கதி. சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் வார்த்து, தன் கையால் பெட்டியிலிட்டு, முகவரி எழுதி அனுப்புகிறார். வாங்குபவர்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம்.

முதலில் பிளாஸ்டிக் தகட்டாலும் பித்தளையாலும் ஒரு மூலவடிவம் கையால் செய்யப்படுகிறது. அதைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். ரப்பர் இறுகியதும் மூலவடிவத்தை உருவிவிட்டு, அந்த வெற்றிடத்தில் இரு திரவங்களாக வரும் பாலியூரித்தேன் ரெசினைக் கலந்து ஊற்றுகிறார்கள். சில நிமிடங்களில் அது சூடேறி, நிறம் மாறி, கெட்டிப்படுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஊற்றினால் நுரைத்துப்போகும். ஐப்பசி மழையில் வார்ப்பு வேலை நடக்காது. ஓர் அச்சு சில பத்து வார்ப்புகளுக்குத் தாங்கும். பிறகு மெல்லிய இடங்களில் ரப்பர் கிழியத் தொடங்கும். கிழிந்த இடம் அடுத்த வார்ப்பில் ஒரு மச்சமாகத் தெரியும்.

பெட்டியைத் திறக்கும்போது எஞ்சின் இருப்பதில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் உடற்கூடு, ஓட்டுநர் அறை, அடித்தளம், எண்ணெய்த் தொட்டி, சில சிறு துண்டுகள். எல்லாவற்றின் ஓரத்திலும் பிசிறு. அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை மேலே படிந்திருக்கும். சோப்புநீரில் கழுவாவிட்டால் பின்னால் பெயின்ட் உரிந்து வரும். நீண்ட பாகங்கள் சற்றே வளைந்திருக்கும். அவற்றை வெந்நீரில் முக்கி, இளகியதும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து அழுத்தி, குளிரவிட்டால் நேராகும். பிசிறை அரத்தாலும் உப்புத்தாளாலும் எடுக்க வேண்டும். இதை உலர்நிலையில் செய்யக்கூடாது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீரில் நனைத்துத் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் கட்டாயம். பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டும் கரைப்பான் பசை ரெசினில் பிடிக்காது. ஃபெவிக்விக் வகைப் பசையோ எபாக்சியோ வேண்டும். காற்றுக்குமிழிகள் விட்ட ஊசித்துளைகளைப் பட்டி பார்த்து அடைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்தால், கண்ணுக்குத் தெரியாமலிருந்த பத்துத் துளைகள் புதிதாகத் தெரியும். மறுபடி பட்டி.

சக்கரங்களுக்கும் மோட்டாருக்கும் வேறு வழி தேட வேண்டும். 87இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜ் என்பது ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். ஐரோப்பாவில் டிடி என்னும் சிறிய அளவை, அதாவது 120இல் ஒரு பங்கு, விரும்புவோருக்கான தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலம். ஆகவே ஜெர்மானிய டிடி எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து நம் உடற்கூட்டுக்கடியில் பொருத்துவது வழக்கம். அரை மில்லிமீட்டர் அகலம் கூடுதல். அசலில் அது நான்கரை சென்டிமீட்டர் பிழை. எல்லாரும் அறிந்து, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிழை.

அதன்பின் வருவது நுண்விவரங்களைச் சேர்க்கும் வேலை. உண்மையில் இதுதான் இந்தக் கலையின் உயிர். ஒரு வகையின் பொதுவடிவமாக வந்த உடற்கூடு, ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள எஞ்சினாக மாறுவது இங்கேதான். அங்குலப் பருமனுள்ள அசல் கைப்பிடிக் குழாய் 87இல் ஒரு பங்கில் 0.3 மில்லிமீட்டர் கம்பியாகும். அதற்கேற்ற ஊசித் துளைகளைக் கையால் முறுக்கும் துரப்பணத்தால் இட வேண்டும். முகப்பு விளக்கு, ஹாரன், மணற்பெட்டிகள், வேக்கம் பிரேக் குழாய்கள், ஏறும் படிகள், நடுத்தாங்கியும் அதன் கொக்கியும், ரேடியேட்டர் விசிறியின் மேலுள்ள வலை. ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எஞ்சின்கள் பத்தாண்டு ஓடியபின் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஷெட்டில் பழுதுபார்க்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறிவிடும். கையில் கிடைத்த விளக்கைப் பொருத்துவார்கள். நசுங்கிய படியை நேர்ப்படுத்துவதற்குப் பதில் புதிதாக ஒன்றைப் பற்றவைப்பார்கள்.

*

ஓலைச்சுவடி வரலாற்றைப் படித்த ஒருவனுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. மூலவடிவத்தில் ஒரு கீறல் இருந்தால் அது எல்லா வார்ப்புகளிலும் வரும். ஒரு குறிப்பிட்ட அச்சில் கிழிசல் இருந்தால் அந்த அச்சின் பிள்ளைகளில் மட்டும் வரும். இரண்டு உடற்கூடுகளில் ஒரே இடத்தில் ஒரே மச்சம் இருந்தால் அவை ஒரே அச்சில் பிறந்தவை. சுவடிகளின் குடிவழியைப் பொதுப்பிழைகளைக் கொண்டு நிர்ணயிப்பதும் இதே முறையில்தான். வார்ப்பையே மூலமாகக் கொண்டு வேறொருவர் திருட்டுத்தனமாக மறுவார்ப்பு எடுத்தால் அதையும் கண்டுபிடித்துவிடலாம். ரெசின் இறுகும்போது சிறிதளவு சுருங்கும். வார்ப்பின் வார்ப்பு அசலைவிட மயிரிழை சிறியதாக இருக்கும். படியெடுத்த படியில் பொருள் சுருங்குவதை நாம் அளந்து காட்ட முடியாது. ரெசினில் அளந்து காட்டலாம்.

நான் தேர்ந்தெடுத்தது பொன்மலை ஷெட்டைச் சேர்ந்த ஓர் எஞ்சின். அதன் எண்ணை இங்கே குறிப்பிடவில்லை. 2000களின் நடுவில் செங்கோட்டை நிலையத்தில் அது நின்றபோது எடுக்கப்பட்ட மூன்று புகைப்படங்கள் என்னிடம் இருந்தன. மூன்றும் நடைமேடைப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நடைமேடையில் நின்றுதானே எல்லாரும் படம் எடுப்பார்கள். அந்தப் பக்கத்தின் விவரம் முழுவதும் கிடைத்தது. குட்டை மூக்கின் ஓரத்தில், படிக்கட்டுக்கு மேலே, ஏறுபவர் பிடித்துக்கொள்ளும் செங்குத்தான சிறு கைப்பிடி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மறுபக்கத்துக்குச் சான்று இல்லை.

ஒரு பக்கத்தில் இருப்பது மறுபக்கத்திலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நியாயமான ஊகம்தான். மனிதன் இரு பக்கமும் ஏறுகிறான். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். துளையிட்டு, கம்பியை வளைத்து, ஒட்டி, வண்ணம் பூசி முடித்தேன். வெற்றிடமாக இருந்தபோது குறையுள்ளதாகத் தெரிந்த பக்கம் இப்போது நிறைவாகத் தெரிந்தது. அந்த நிறைவில் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஏட்டில் சிதைந்த அடியைத் தானே இட்டு நிரப்பிய பெயரறியாத புலவருக்கும் இதே திருப்திதான் கிடைத்திருக்கும்.

அந்த ஆண்டு ரயில் ஆர்வலர்கள் கூடிய ஒரு சந்திப்புக்கு மாதிரியைக் கொண்டுசென்றேன். பலர் பாராட்டினார்கள். எனக்கு உடற்கூட்டை வார்த்துத் தந்த நண்பரே வந்திருந்து, எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்துக்கொண்டார். எது சான்றின்படி வைத்தது, எது ஊகம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

எங்கள் கல்லூரி மாணவி ஒருவரின் தாத்தா, டீசல் எஞ்சினில் உதவி ஓட்டுநராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். பேத்தியின் சான்றிதழ் வேலையாக ஒருமுறை வீட்டுக்கு வந்தார். அலமாரியில் இருந்த மாதிரியைப் பார்த்ததும் சான்றிதழை மறந்துவிட்டார்.

"இது நம்ம வண்டில்லா!" என்றார். எண்ணை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துக் கேட்ட கேள்விதான்.

"எல்லாம் அச்சா அப்படியே இருக்கு சார். இந்தக் கம்பி மட்டும் ஏது?"

"அந்தப் பக்கம் இருக்கே அண்ணாச்சி."

"அந்தப் பக்கம் உண்டு. இந்தப் பக்கம் கிடையாதுல்லா. யார்டுல ஒருக்க இடிச்சு நசுங்கிட்டு. வெட்டி எடுத்தாங்க, திரும்ப வைக்கவே இல்ல. மழை நேரத்துல ராத்திரி ஏறும்போது கை தன்னால அங்கதான் போவும். அங்க ஒண்ணும் இருக்காது. எத்தன தடவ வழுக்கியிருக்கேன் தெரியுமா?"

சொல்லும்போது அவருடைய வலக்கை மேலே உயர்ந்து, காற்றில் எதையோ பற்றப் போய், நின்றது. பிறகு நகத்தால் என் பித்தளைக் கம்பியை மெல்லத் தொட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு இருந்திருக்கலாம்" என்று சிரித்தார்.

அவர் போனபின் நெடுநேரம் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினின் வலப்பக்கத்தில் இருந்த மிக முக்கியமான விவரம், அங்கே ஒன்று இல்லை என்பது. ஒரு விபத்தும், செய்யாமல் விட்ட ஒரு பழுதுபார்ப்பும், மழையில் வழுக்கிய ஒரு தொழிலாளியின் பல இரவுகளும் அந்த இன்மையில் பதிந்திருந்தன. நான் அதை 0.3 மில்லிமீட்டர் கம்பியால் அழித்திருக்கிறேன். தெரியாமல் செய்தது என்பது உண்மை. தெரியாது என்பதைத் தெரிந்தே செய்தேன் என்பதும் உண்மை.

வார்ப்பு நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்றுச் சங்கடத்துடன் ஒன்றைத் தெரிவித்தார். என் மாதிரியின் படங்களைப் பார்த்துத் தன் மூலவடிவத்தை அவர் திருத்தியிருந்தார். இரண்டு பக்கமும் கைப்பிடிக்கான துளைக்குறிகளைச் சேர்த்து, புதிய அச்சும் எடுத்துவிட்டார். என்னுடைய ஊகம் மூலபாடத்தில் ஏறிவிட்டது. அந்தப் புதிய வார்ப்பில் இருவர் அதே எண்ணுள்ள எஞ்சினைக் கட்டி முடித்திருந்தார்கள். நண்பர் தன் மேசைக்கென்று ஒன்று கட்டியிருந்தார்.

துளைக்குறிகளை அடைத்துவிடலாமே என்றேன். அவர் மறுத்தார். அவருடைய வாதத்தை நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். "நான் வார்ப்பது வகை, சார். தனி எஞ்சின் இல்லை. பெரும்பாலான எஞ்சின்களில் ரெண்டு பக்கமும் கைப்பிடி இருந்திருக்கும். வேண்டாதவர் துளையிடாமல் விட்டுவிடட்டும். ஒரு பக்கம் இல்லாமல் கொடுத்தால், நான் மறந்துவிட்டேன் என்றுதான் வாங்குபவர் நினைப்பார்." வகையை வார்ப்பவர் என்ற முறையில் அவர் சொல்வது சரி. ஆனால் எண்ணை எழுதி ஒட்டியவன் நான். அந்த எண்ணை எழுதிய கணத்தில் வகையைப் பற்றிய பொதுமை எனக்குப் போதாமல் போயிருக்க வேண்டும்.

*

இந்தப் பொழுதுபோக்கில் இன்று நிலவும் ஒரு மனப்பான்மையைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இத்தனையும் எழுதினேன். எவ்வளவு அதிகமாக நுண்விவரங்கள் உள்ளனவோ அவ்வளவு உயர்ந்த மாதிரி என்று கருதுகிறார்கள். பரிசு பெறுவதும் பாராட்டுப் பெறுவதும் அடர்த்தியான மாதிரிகளே. வெறுமையான பரப்பு சோம்பலின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே சான்றில்லாத இடங்களில் ஒரு குழாயையோ ஒரு பெட்டியையோ துருக்கறையையோ சேர்த்துவிடுகிறார்கள். பார்ப்பவர் வியக்கிறார். அடுத்தவர் அதைப் பார்த்துத் தாமும் செய்கிறார். பத்தாண்டில் அது அந்த எஞ்சினின் அங்கமாகிவிடும்.

சான்றில்லாத இடத்தை வெறுமையாக விடுவதே உயர்ந்த கைத்திறன் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். தண்டவாள அகலமே பிழை என்றாயே, சக்கரத்தின் விளிம்பு அசலைவிடத் தடித்தது, எஞ்சினுக்குள் சிலிண்டர்களுக்குப் பதில் ஒரு சிறு மின்மோட்டார் இருக்கிறது. இத்தனை பொய்களுக்கு நடுவில் ஒரு கைப்பிடியா பெரிது? இந்த மறுப்பில் வலுவுண்டு. ஆயினும் இரண்டு வகைப் பிழைகளை வேறுபடுத்த வேண்டும். அகலத்தில் உள்ள பிழை அறிவிக்கப்பட்ட சமரசம். எவரும் என் மாதிரியை அளந்து மீட்டர் கேஜ் 1,044 மில்லிமீட்டர் என்று முடிவுகட்டப் போவதில்லை. கைப்பிடியின் பிழை, சான்றின் வேடம் தரித்தது. உண்மையான பக்கத்தில் நான் காட்டிய துல்லியம் அனைத்தும் பொய்யான பக்கத்துக்குப் பிணை நின்றது. இடப்பக்கம் இவ்வளவு சரியாக இருப்பதைப் பார்த்தவர், வலப்பக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். திறமையற்றவனின் இடைச்செருகல் எளிதில் பிடிபடும். யாப்பும் நடையும் கைவந்தவனின் இடைச்செருகல்தான் நூற்றாண்டுகள் தாங்கும்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவரிடம் யாப்பறிவு இருந்தது, சங்கச் சொல்வளம் இருந்தது. நினைத்திருந்தால் நிரப்பியிருக்கலாம், கண்டுபிடிக்க ஆளில்லை. நிரப்பவில்லை. பின்வரும் பாடல்களை முன்னே நகர்த்தி எண்வரிசையைச் சீராக்கவும் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை இல்லாமலேயே இருக்கின்றன. அந்த வெற்றிடங்களை நாம் பெருமைக்குரியனவாகக் கருதுவதில்லை. கருத வேண்டும். அவை இருப்பதால்தான் மற்றப் பாடல்களை நம்புகிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அண்ணாச்சியின் நினைவும் ஒரு சான்றுதான், அதுவும் பிழைக்கக்கூடியது. அவர் வேறோர் எஞ்சினை எண்ணியிருக்கலாம். கைப்பிடி பிற்பாடு மறுபடி வைக்கப்பட்டிருக்கலாம். ஒருவர் சொல்லைக் கேட்டு வைத்ததும் தவறு, ஒருவர் சொல்லைக் கேட்டு எடுப்பதும் தவறு என்று வாதிடலாம். பல நாள் யோசித்தபின் எடுப்பது என்று முடிவு செய்தேன். என் ஊகத்துக்குப் பின்னால் எவரும் இல்லை. அவர் சொல்லுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது. அந்தக் கை உயர்ந்த உயரத்தை நான் பார்த்தேன்.

கம்பியைக் குறடால் இழுத்தபோது எளிதில் வரவில்லை. பசை நன்றாகப் பிடித்திருந்தது. துளைகளைப் பட்டியால் அடைத்து, தேய்த்து, வண்ணம் தொட்டேன். பக்கவாட்டில் ஒளி விழும்போது இரண்டு புள்ளிகள் இலேசாகத் தெரிகின்றன. மறுபடி தேய்த்தால் மறையும்; விட்டுவைத்திருக்கிறேன். எஞ்சினைத் திருப்பினால் அடித்தளத்தில் மெல்லிய பேனாவால் எழுதிய குறிப்பைக் காணலாம். இடப்பக்கம்: மூன்று புகைப்படங்களின்படி. குட்டை மூக்கு, வலப்பக்கம்: கைப்பிடியின்மை, பணியாற்றியவர் ஒருவரின் வாய்மொழிப்படி. வலப்பக்கத்தின் பிற பகுதிகள்: சான்று இல்லை, வார்ப்பில் உள்ளவாறே விடப்பட்டது. இப்போது நான் கட்டும் எல்லா மாதிரிகளிலும் இப்படி எழுதுகிறேன். மாதிரி கட்டும் நண்பர்கள் அனைவரும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதற்கு ஆகும் உழைப்பைவிட இது குறைவு.

வார்ப்பு நண்பர் துளைக்குறிகளை இன்னும் அடைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் வைக்கும் செய்முறைத் தாளில், வலப்பக்கக் கைப்பிடிக்குச் சான்று இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். கட்டி முடித்த இருவருக்கும் எழுதினேன். ஒருவர் பதில் எழுதினார். தன் மாதிரி அழகாக இருக்கிறது, அதைச் சிதைக்க மனமில்லை என்றார். அவரை என்னால் குறைசொல்ல இயலவில்லை.

இறுதியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பங்களில் பழைய ரயில் நிலையப் புகைப்படங்கள் இருக்கும். திருமணத்துக்குப் புறப்பட்ட கூட்டம், வேலைக்குப் போகும் மகனை வழியனுப்பிய படம், சபரிமலைக்கு மாலையணிந்து நின்ற படம். பின்னணியில் பாதி எஞ்சின் தெரியும். அதைத் தேடி எடுத்து, படத்தின் பின்புறம் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள். நிலையம் செங்கோட்டையாக இருந்து, தண்டவாளத்தின் மறுபக்கத்திலிருந்து எடுத்த படமாகவும் இருந்தால், எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.